தகரம் அடித்த பால்கனி

குத்துக்கல்வலசையில் நான் வரைந்து கொடுத்த ஒன்பது மாடிக் குடியிருப்பில் ஆட்கள் குடியேறி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வழியாகக் காரில் வந்தவள், ஏழாம் மாடியில் ஒரு பால்கனி முழுக்க நீலத் தகரத்தால் அடைபட்டிருப்பதைக் கண்டு வண்டியை ஓரம் கட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே உட்கார ஓர் இடம் வேண்டுமென்று ஆசை ஆசையாக வரைந்த பால்கனி அது. என் வரைபடத்தின் மேலேயே யாரோ ஆணி அடித்துவிட்டது போலிருந்தது. லிஃப்டில் ஏறிப் போய் மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவள் தலைத்துணி போட்டிருந்தாள்; முப்பது வயது இருக்கும். கணவர் சவுதியில், பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னபோது என் குரலில் சூடு இருந்தது. அவள் கோபப்படவில்லை. "உள்ள வாங்கக்கா" என்று உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். பிறகு கூடத்து விளக்கை அணைத்தாள். காலை பதினோரு மணி. என் கையிலிருந்த தம்ளர் எனக்கே தெரியவில்லை.

"எதிர் பால்கனி பதினஞ்சு அடி தூரந்தான்க்கா. நான் துணி காயப்போட்டா அவங்க பாக்குதாங்க, அவங்க சாப்பிட்டா நான் பாக்கேன். யாரும் தப்பானவங்க இல்ல. ஆனா கண்ணை எங்கன கொண்டு வைக்க?" என்றாள். நாலு மாதம் பொறுத்திருக்கிறாள். திரை கட்டிப் பார்த்தாள், காற்று கிழித்தது. கடைசியில் தகரம். "குத்தாலத்து மலையப் பாக்கலாம்னுதான் இந்த வீட்ட வாங்குனோம். இப்ப மழை பெய்யுததே தகரத்துல சத்தம் கேட்டாத்தான் தெரியுது."

ஏழாம் மாடித் தங்கச்சி என்றுதான் இன்றைக்கும் அவளை நினைத்துக்கொள்கிறேன். அன்று இரவெல்லாம் தூங்கவில்லை என்று சொல்லமாட்டேன்; அன்று மத்தியானமே அலுவலகத்தில் அந்த வரைபடத்தை விரித்தேன். வெயில் எங்கிருந்து வரும், தென்மேற்குக் காற்று எந்தப் பக்கம் நுழையும் என்று அம்புக்குறி போட்டிருந்தேன். மனிதக் கண் எங்கே போய் விழும் என்று ஒரு கோடுகூட இல்லை. காகிதத்தில் எதிரெதிரே இரண்டு பால்கனிகள் அழகாகத்தான் இருந்தன. காகிதத்தில் யாரும் குடியிருக்கவில்லை.

பக்கத்திலேயே இரண்டாவது கட்டடம், அதே வரைபடத்தில், அஸ்திவாரம் தோண்டக் காத்திருந்தது. கட்டடம் கட்டும் முதலாளியை ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். மாற்றவேண்டும் என்றதும், "ஆளுக பிடிச்சுத்தானம்மா வாங்குதாங்க. பிடிக்காதவங்க திரையைப் போட்டுக்கிடட்டும்" என்று முடித்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தங்கச்சியை மனைக்கு வரச் சொன்னேன்.

காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் இரண்டு பால்கனிகளை நிஜ அளவில் கோடிழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி போட்டேன். ஒன்றில் அண்ணாச்சியை உட்காரச் சொன்னேன், எதிரே அவள். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைச் சரிசெய்தார். செல்போனை எடுத்தார், வைத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க திரும்பி உக்காந்துட்டிய. நான் தகரம் அடிச்சேன். ரெண்டும் ஒண்ணுதான?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே என்னிடம், "வேற வரைஞ்சு கொண்டாங்கம்மா" என்றார்.

எல்லா பால்கனிகளையும் மலைப்பக்கம் திருப்பினேன். சாயங்கால வெயில் வீட்டுக்குள் பாயாதபடி ஆழமாக உள்ளிழுத்தேன். பக்கத்து வீட்டுப் பார்வையை மறைக்க ஆளுயரத்துக்குச் சுவர். காற்று மட்டும் நுழைய அதில் சாய்வான துளைகள். அவள் போனில் விசாரிப்பாள். "துணி காயப்போடுத எடம் தனியா இருக்காக்கா?" இல்லை, அதையும் மறந்திருந்தேன். சமையலறையை ஒட்டி ஓர் இடம் ஒதுக்கினேன்.

அவள் வீட்டை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை. தகரத்தை எடுத்துவிட்டுச் சாய்வுப் பலகைகள் வைத்துக் கொடுத்தேன். வெளிச்சம் பாதி வந்தது, மலை வரவில்லை. அதற்காக ஒரு நாளும் அவள் என்னைக் குறை சொன்னதில்லை. இப்போது கணவரோடு சவுதிக்கே போய்விட்டாள். அந்த வீட்டில் வேறு யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள்.

அவள் சவுதிக்குப் போவதற்கு முன், இரண்டாவது கட்டடத்தின் சாவிகளை உரியவர்களிடம் கொடுப்பதற்கு முந்தின நாள், ஆடிச் சாரல் விழுந்துகொண்டிருந்தபோது, அங்கே ஏழாம் மாடிக்கு அவளை அழைத்துப் போனேன். பால்கனியில் நின்று இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, கீழே என்று பார்த்தாள். ஒருவரும் தெரியவில்லை. எதிரே மேகம் இறங்கிய மலை மட்டும். வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தலைத்துணியை மெல்ல இறக்கித் தோளில் விட்டுக்கொண்டாள். சாரல் அவள் முடியில் விழத் தொடங்கியதும் நான் உள்ளே வந்துவிட்டேன். அங்கே என் கண்ணும் வேண்டியதில்லை.

வெகுநேரம் கழித்து, உள்ளிருந்தபடியே, "போவமா?" என்று கேட்டேன்.

"இன்னுங் கொஞ்ச நேரம்க்கா."