எபினேசர் வேறு மெஷின் கேட்டார்

அம்பத்தூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, பீரங்கிக் குண்டுக்கு உலோக மூடி அடிக்கும் ஆர்டர் வந்தது. முதல் நாளே ஆபரேட்டர் எபினேசர் மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். பாரிவாக்கத்துக்காரர். பதினாறு வருட சர்வீஸ்.

"அண்ணே, ஆள கொல்ற சாமான என் கையால செய்யமாட்டேன். வேதத்துக்கு ஆவாது. வேற எந்த மெஷின்ல வேணா போடு, செய்றேன்."

பாஸ்டர் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார் என்று பக்கத்து மெஷின்காரர்கள் அவரைக் கிண்டலடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேனேஜர் ரிப்போர்ட் கேட்டார். வேலை செய்ய மறுத்தார் என்று ஒரு வரி போதும் என்றார். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என்கொயரி கார்த்திகையில் நடந்தது. நான் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தேன். சேஃப்டி ஷூ இல்லாமல் ஷாப்புக்குள் வரக்கூடாது என்பது விதி. மாலை போட்டவர்களை மட்டும் வெறுங்காலோடு விட்டு, மெஷின் பக்கம் போகாத வேலை கொடுப்பார்கள். வருடா வருடம் அந்தச் சலுகையை அனுபவித்தவன் நான்.

விசாரணை அதிகாரி கேட்டார்: "வேற வேலை குடுத்தா செய்றேன்னு இவர் சொன்னாரா?"

எபினேசர் என்னைப் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார்.

"இல்ல சார்" என்றேன். கழுத்தில் மாலையோடு சொன்னேன். அவருக்கு வேலை போயிற்று.

ரிட்டயர் ஆனபின் சங்கக் கூட்டத்தில் ஒரு வக்கீல் பேசினார். போருக்குப் போகமாட்டேன் என்றவர்களை வெளிநாடுகளில் ஜெயிலில் போட்டார்களாம். பிறகு, துப்பாக்கி தூக்காத வேறு சேவை செய்யலாம் என்று பல நாடுகளில் சட்டம் வந்ததாம். நம் அரசியல் சாசனத்திலும் இருபத்தைந்தாம் பிரிவில் மனசாட்சிச் சுதந்திரம் இருக்கிறது, ஆனால் தனியார் கம்பெனியில் அது வேலையைக் காப்பாற்றும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். வேலைக்குச் சோம்பி மறுப்பது வேறு, மனசாட்சிக்காக மறுத்து மாற்று வேலை கேட்பது வேறு என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாளே பாரிவாக்கம் போய் எபினேசரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கோபப்படவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னாண்ணே ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதான. ஒடம்பு வணங்காம வேலைய உட்டு வந்துட்டேன்னு என் பொண்ணு இன்னும் நெனச்சிகினு கீறா. அவளுக்கு எழுதிக் குடு."

சூப்பர்வைசராக வரப்போகும் தம்பிகளே, தொழிலாளி சொன்னதை முழுசாக எழுதுங்கள். அம்மா ஜெனிபர், உன் அப்பா வேலை செய்யத் தயாராகத்தான் இருந்தார். பொய் சொன்னவன் நான்.