வேலைநிறுத்தம் நடந்த காலை

நிலத்துக்கும் கூலிக்கும் ஊருக்கு ஊர் தகராறு நடந்த காலம் அது. மன்னார்குடி பக்கம் நாங்கள் நெல் அவிக்கும் மில் வைத்திருந்தோம். வட்டாரத்திலேயே பெரிய மில் நம்முடையதாக வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. பழைய பாய்லரை ரிப்பேருக்குக்கூட நிறுத்தாமல் ஓட்டினார்.

ஒரு நாள் காலை, நெல் காயவைக்கும் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பாய்லர் அதற்குள் சூடேறியிருந்தது.

"முதலாளி வந்து பேசினாத்தான் உள்ள வருவோம்" என்றார் அவர்களில் மூத்தவரான அஞ்சம்மாள்.

என் கணவர் அசையவில்லை. "போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன்" என்று நான் வற்புறுத்தியதால், பாய்லர்காரரையும் அழைத்துக்கொண்டு வேண்டாவெறுப்பாகப் போனார். பேசிக்கொண்டிருக்கும்போதே பாய்லர் வெடித்தது. அவித்த நெல்லை வாங்கப் பெண்கள் தினமும் கூடை ஏந்தி நிற்கும் இடத்தில் சுவர் சரிந்து விழுந்தது. பழைய வெல்டிங் விட்டுப்போனதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

புழுதி அடங்கியதும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். எல்லோரும் இருந்தார்கள். இவர் மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"எழுந்திரிங்கய்யா, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று அஞ்சம்மாள்தான் தண்ணீர் கொடுத்தார்.

மில் போய்விட்டது. கொஞ்ச நாள் இவர் வெளியே தலைகாட்டவே கூசினார். இப்போது சின்ன அரவை மில்தான் நடத்துகிறோம். மெஷின் சத்தம் லேசாக மாறினாலும், எத்தனை பேர் காத்திருந்தாலும் நிறுத்திவிடுகிறார்.

தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டால் முன்பெல்லாம் மூட்டைக் கணக்கு சொல்வார். இப்போது, "வேலைக்கு வந்தவங்க எல்லாரும் நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டாங்க" என்கிறார்.