எங்கள் ஆற்றில் மூழ்கியவர்கள்

எங்கள் பெப்டிஸ்ட் சபைகளின் சங்கத்துக்கு வரலாறு எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரே அறையான ஒரு காம்பராவில் கூடுகிற எங்கள் சபையும் புத்தகத்தில் ஏறப்போகிறதே! ஹட்டனில் நடந்த வருடாந்தக் கூட்டத்துக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

எழுதியவர் யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட ஆசிரியர். நல்ல மனிதர்தான், ஆனால் காகிதத்தில் இல்லாததை நம்பமாட்டார். மேடையில் அவர் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு சபைக்கும் ஓர் அத்தியாயம் வந்தது. எங்களுக்கு வந்தது ஒரே வரி: "இவை தவிர, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஜெபக் குழுவும் உண்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தமாகத் திருமுழுக்குக் கொடுத்தால்தான் அது சபை, இல்லையென்றால் வெறும் குழு. எங்கள் சங்கத்தில் அதுதான் கணக்கு. எங்கள் தோட்டத்து ஆற்றில் எத்தனையோ பேர் குளிரில் பல் கிட்டித்து மூழ்கி எழுந்திருக்கிறார்கள். நானும் ஒருத்தி.

எழுந்து நின்று, "எங்க ஆத்துலயும் முழுக்கு நடந்துச்சுங்க ஐயா," என்றேன்.

"எழுத்தில ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

இல்லை. பதிவேடு ஒரு மழையில் கூரையோடு போய்விட்டது. சாட்சி சொல்லவும் ஆள் குறைவு. எங்கள் பெண்பிள்ளைகள் கலியாணம் கட்டி நானுஓயா, பொல்பிட்டிய என்று போய், அங்கங்கே உள்ள சபையில் சேர்ந்துவிடுகிறார்கள். அதை நினைத்ததும்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

மண்டபத்தின் பக்கம் திரும்பினேன். "எங்க ஆத்துல முங்குனவங்க யாரு இருந்தாலும் கொஞ்சம் எந்திரிங்க!"

நானுஓயா சபை வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். பொல்பிட்டிய வரிசையில் அக்காள் தங்கைகள் நாலு பேர் எழுந்தார்கள். பின்னால் ஒருத்தி கைக்குழந்தையோடு எழுந்து, "அன்னைக்கு அட்டை கடிச்ச தழும்பு இன்னும் இருக்குங்க!" என்று கத்தினாள். மண்டபமே சிரித்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையும் வந்தது.

ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் அவருடைய மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"நீருமோ? ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஊரெல்லாம் போயிக் கேட்டீங்க. என்னைய எங்கங்க கேட்டீங்க?"

அவர் பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை எல்லோர் முன்னாலும் வெட்டினார். பிறகு ஒரு புதுத் தாளோடு மேடையை விட்டு இறங்கி வந்து, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லும்," என்றார்.