லோடுக்கு அடியில் ஒரு முகம்

கதாநாயகன் முதல் ஆளை உதைக்கத் தொடங்கியதும் எபினேசர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டிவியின் ஓரத்துக்குப் போய்விடுவார். நடுவில் நடப்பது அவருக்கு வேண்டியதில்லை. ஓரத்தில் தம் முறைக்காகக் காத்து நிற்கும் அடியாட்களைத்தான் பார்ப்பார்.

"அவனப் பாரு, கட்டைய வெச்சிக்கினு பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான். சும்மா நிக்கக் கூடாது. ரெண்டு அடி முன்ன போவணும், ஒரு அடி பின்ன வரணும். அடிக்க வர்றான்னு தெரியணும். ஆனா வரக் கூடாது."

அவர் மனைவி சாராள் பூண்டு உரித்தபடியே கேட்பாள்: "எல்லாரும் ஒண்ணா போயி அவன அமுக்க வேண்டிதுதான?"

"அமுக்கிட்டா இன்டர்வெல்லுலயே படம் முடிஞ்சிடும்டி."

எபினேசருக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி ஆலையில். கிரேன் கொக்கியில் சங்கிலி மாட்டிவிட வேண்டும். தலை நரைத்தது முழுக்க அந்தக் கொக்கிக்குக் கீழேதான். அதே சாலையில் மூடிக்கிடக்கும் ஆலை ஒன்றைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தமிழ்ப் படத்து வில்லன்கள் பலரும் கடைசியில் அங்கே வந்துதான் சாகிறார்கள். அடி வாங்கிப் பறக்கச் சென்னையிலிருந்து ஆள் வரும். ஓரத்தில் நிற்க, உள்ளூரில் எடுப்பார்கள். ஓய்வு நாள் அமைந்தால் எபினேசர் முதல் ஆளாகப் போய் நிற்பார்.

அந்த வித்தை அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. குத்து ஒரு சாண் தள்ளித்தான் போகும். கேமரா இருக்கும் கோணத்தில் அந்தச் சாண் மறைந்துவிடும். சட்டைக்குள் தூளைக் கொட்டிக்கொண்டால் அடி விழும்போது புழுதி பறக்கும். சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்கள் என்று தெரிந்தும், வாயாலேயே 'டப்' என்று சொல்லிவிட்டுத்தான் விழுவார். ஒருமுறை அவர் கன்னத்தில் உட்கார்ந்த கொசுவைச் சாராள் தட்டினாள். மனிதர் அரைச்சுற்றுச் சுற்றிக் கட்டிலைத் தாண்டிப் போய் விழுந்தார். "நானு கொசுவத்தான்யா அடிச்சேன்!" என்று அவள் கத்தினாள். செத்தவன் உடனே எழக் கூடாதென்பதால், கொஞ்ச நேரம் கழித்தே கண்ணைத் திறந்தார்.

ஒரே குறை, முகம் வந்ததில்லை. ஒரு படத்தில் புகை மறைத்தது. ஒன்றில் முகமூடி. இன்னொன்றில் உருண்டு வந்த டிரம் அவரை மூடிக்கொண்டது. அதைப் பார்க்கச் சாராள் தெருவையே திரையரங்குக்கு அழைத்துப் போயிருந்தாள். வெளியே வரும்போது பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கேட்டாள்: "இன்னா சாரா, உன் ஊட்டுக்காரு நடிச்சாரா, டிரம்மு நடிச்சுதா?" அன்றிலிருந்து தண்ணீர்க் குழாயடியில் எபினேசருக்கு டிரம்மு வூட்டுக்காரர் என்று பெயர்.

சாராள் அதற்காகச் சண்டை போடவில்லை. போன மாதம் படப்பிடிப்புக்குக் கிளம்பியவரிடம், சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "ஒரு தபா மூஞ்சி தெரியிற மாதிரி நில்லுயா. அது போதும் எனக்கு."

அன்றைய சண்டையில் கதாநாயகன் கிரேன் மேல் நிற்கிறான். கொக்கியில் ஒரு கட்டுக் குழாய் தொங்குகிறது. கீழே அடியாட்கள் அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கட்டு தலைக்கு நேராக வந்ததும் அவன் அவிழ்த்துவிடுவான். அத்தனை பேரும் நசுங்க வேண்டும். குழாயெல்லாம் அட்டை, இரும்பு நிறம் பூசியது.

"ஆக்‌ஷன்" என்றார்கள். கிரேனை ஓட்டியவரும் உள்ளூர்க்காரர். லோடு நகரும்போது கீழே இருப்பவர்களை விலகச் சொல்லும் மணியைப் பழக்கத்தில் அடித்துவிட்டார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சிரிப்பு மாறாமலே இரண்டாகப் பிரிந்து விலகியது. குழாய்கள் வெறுந்தரையில் விழுந்தன. கொல்வதற்கு ஆளில்லாமல் கதாநாயகன் மேலே நின்றான்.

"வில்லன் ஆளுங்களுக்கு எப்படிய்யா முன்னாலேயே தெரியும்?" என்றார் இயக்குநர்.

மணியை அடிக்காமல் மறுபடி எடுத்தார்கள். இந்த முறை நிழல் தரையில் நகர்ந்ததே போதுமாக இருந்தது. அத்தனை பேரும் ஆலைக்காரர்கள். லோடுக்கு அடியில் எவன் நிற்பான்? முதலில் விலகியது எபினேசர்.

"அட்டைன்னு தெரியும் சார். காலு கேக்க மாட்டேங்குது" என்றார், தலையைச் சொறிந்தபடி.

இயக்குநர் கேமராக்காரரோடு பேசிவிட்டு வந்தார். கூட்டம் வேண்டாம். ஒரே ஒரு முகம், திரை நிறைய. அது சிரிக்க வேண்டும்; மேலே நிழல் விழுந்ததும் சிரிப்பு உறைய வேண்டும். அசையாமல் நிற்பவன் யார்?

எபினேசர் கையைத் தூக்கிவிட்டார்.

கூட வேலை செய்யும் குணா அவர் சட்டையை இழுத்தான். "நைனா, உனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? மறுபடியும் ஓடிட்டேன்னு வெய்யி, இனிமே டிரம்மு வேஷங்கூட தர மாட்டாங்கோ."

"ஊட்ல சாரா என் மூஞ்சி தெரியணும்னு கேட்டுக்கிறாடா."

அவர் முகத்தில் கரி தடவினார்கள். வியர்வைக்குத் தண்ணீர் தெளித்தார்கள். கேமரா மார்புக்கு மேலே மட்டும் பார்த்தது. இயக்குநருக்கு நம்பிக்கை வரவில்லை. குணாவை அழைத்து, கேமராவுக்குத் தெரியாமல் கீழே உட்காரச் சொன்னார். "அவர் காலைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. நகர விடாதே." குணா இரண்டு கணுக்காலையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஆக்‌ஷன்."

எபினேசர் சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மேலே கிரேன் கிறீச்சிட்டு நகர்ந்தது. அவர் கால் விலகப் பார்த்தது; குணா பிடியை இறுக்கினான். நிழல் நெற்றியில் ஏறி, மூக்கில் இறங்கியது. சிரிப்பு அப்படியே நின்றது. கண்கள் மேலே போயின. கால் அசையவில்லை.

"பிரமாதம், பிரமாதம், அப்படியே இரு" என்று இயக்குநர் கிசுகிசுத்தார்.

கேமராவுக்குள் அந்த முகம் அப்படியேதான் இருந்தது. அதற்குக் கீழே, யாருக்கும் தெரியாத இடத்தில், எபினேசரின் இடது கை குணாவின் தலையைத் தடவிக் கண்டுபிடித்து, காலை விடுவித்து, அவனை நிழலுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.