பூசையில் வைத்த ஷூ

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். பந்திக்குக் கூப்பிட்டால் இந்த நினைவு மலரை மூடி வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள். சோறு ஆறினால் அக்காவுக்குப் பிடிக்காது.

அக்கா பிறந்தது அக்காள்மடம் கிராமத்தில். எனக்கு மூத்தவர் என்பதால் என்னை அதட்டும் உரிமை தமக்கு உண்டு என்று கடைசிவரை நம்பினார். கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனார். அத்தான் சீக்கிரமே தவறிவிட, சிறு பிள்ளைகளுக்கு டாப், ஜாஸ் நடனம் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் ஷூ கயிறு கட்டிவிடும் வேலைக்குச் சேர்ந்தார். கட்டிவிட்டுச் சும்மா நிற்காமல் தாமும் ஆடப் பழகி, சில ஆண்டுகளில் அங்கேயே ஆசிரியையும் ஆனார். ஊரிலிருந்த நாங்கள் யாரும் இதை நம்பவில்லை.

ஊர் திரும்பியவர் மண்டபம் ஊரில் என் வீட்டு மாடியில் வகுப்பு தொடங்கினார். டாப் என்றால், அடியில் தகடு பதித்த ஷூவைப் போட்டுக்கொண்டு காலாலேயே தாளம் தட்டும் ஆட்டம். அந்த மாடிக்கு நேர் கீழேதான் நான் மத்தியானம் படுப்பது. என் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வந்த பிள்ளைகள் எல்லாரும் ஷூவை வாசலிலேயே கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய் நின்றார்கள். "ஷூவப் போட்டுட்டு உள்ள வாங்கப்பா" என்று அக்கா சொன்னதும் ஒரு குட்டிப் பெண் அழுதேவிட்டாள். "எங்கம்மா வைவாங்க மிஸ்." அவளைச் சமாதானப்படுத்துவதிலேயே அன்றைய வகுப்பு முடிந்தது. ஆனால் சொல்லிக்கொடுப்பதில் அக்கா கெட்டிக்காரர். இங்கிலீஷ் பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, "ஈரக்கால்ல ஒட்டுன மணல உதறு" என்பார். பிள்ளைகளின் பாதம் தானாக முன்னும் பின்னும் தட்டும். ஜாஸில் பக்கவாட்டில் போக வேண்டுமென்றால் "நண்டு ஓடுது" என்பார்.

பெற்றோருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "மேடையில ஒருக்கா பாத்துட்டுச் சொல்றோம். இல்லைன்னா அபாகஸ் கணக்கு வகுப்புல சேத்துருவோம்" என்றார்கள். டாக்டர் வேறு அக்காவின் இதயத்தைச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருந்தார். அந்த நவராத்திரி மேடையில் பிள்ளைகள் ஆடாவிட்டால் வகுப்பு அதோடு சரி என்பது அக்காவுக்குத் தெரியும்.

விழாக் கமிட்டித் தலைவர் ஒரே பிடியாக நின்றார். "அம்பாள் இருக்குற மேடை, தாயி. செருப்புக் காலோட ஏறுனா ஊரு என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிரும்."

"செருப்பு இல்லண்ணே, இது வாத்தியம். தவிலும் தோலு, இதுவும் தோலு" என்றார் அக்கா.

தலைவர் ஒரு ஷூவை வாங்கி அடித் தகட்டைத் தட்டிப் பார்த்தார். "வாத்தியம்னா ஆயுத பூசையில கொண்டாந்து வையி. அம்பாளுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்."

அப்படியே வைத்தோம். தவிலுக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டிக் கறுப்பு ஷூக்கள், சந்தனமும் குங்குமமுமாக. பொரிகடலை, வாழைப்பழம் எல்லாம் படைத்தாயிற்று.

மறுநாள் விஜயதசமி மாலை. மைக்கில் பெயர் சொல்லியாகிவிட்டது. மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் ஷூவைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார்கள். போட மாட்டார்களாம்.

"பொட்டு வச்சது சாமி, மிஸ். கால்ல போட்டாக் கண்ணக் குத்தீரும்."

அக்கா கெஞ்சினார். மிட்டாய் தருவதாகச் சொன்னார். நான் அதட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள். மைக்கில் மறுபடியும் கூப்பிட்டார்கள். அக்கா வேர்த்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

திடீரென்று என்னைக் கேட்டார். "ஏலே, நீ எதுல வந்த?"

"சைக்கிள்லதான்க்கா."

"அதுக்கு நேத்துப் பொட்டு வச்சியா?"

"வச்சேன்."

"இன்னைக்கு மிதிச்சியா, இல்லையா?"

"மிதிக்காம எப்படி வாரது?"

அக்கா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "மாமா கண்ணு நல்லாத்தான இருக்கு?"

"கண்ணாடி போட்டுருக்காங்களே மிஸ்" என்று ஒருத்தி சந்தேகப்பட்டாள்.

"அது வயசானதுனால."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். ஒவ்வொருவராக வந்து என் கண்ணை உற்றுப் பார்த்தார்கள். பிறகுதான் ஷூவை மாட்டினார்கள்.

மேடைப் பலகை அதிர்ந்தது. பாதி நண்டு இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் ஓடி நடுவில் முட்டிக்கொண்டன. அதுவும் ஆட்டம்தான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. தவில்காரர் கேட்காமலே கூட வாசித்தார். அபாகஸ் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்கள்தான் அக்கா இருந்தார். மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அடுத்த ஆட்டத்துக்குத் தாளம் போட்டுப் பார்த்தார். "கால ஆட்டாதீங்கம்மா, ட்ரிப்ஸ் கழண்டுரும்" என்று நர்ஸ் வைதார். அந்த நர்ஸுக்கும், ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், எங்களுக்குச் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், தலைவருக்கும், தவில்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பிள்ளைகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அக்கா இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. ஞாயிறு தோறும் அவர்கள் வந்து மாடியைத் திறக்கச் சொல்கிறார்கள். பெரிய பிள்ளைகள் சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு ஆட வராது, பாட்டு மட்டும் போட்டுவிடுவேன். போன வாரம் முன்னால் போய் நின்று பார்த்தேன்.

"அது மிஸ் நிக்கிற இடம் மாமா. தள்ளி நில்லுங்க" என்றார்கள்.

தள்ளித்தான் நிற்கிறேன்.