அம்மாவைப் பற்றிய ஒன்பது வரிகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் வருவது அம்மாக்கள்தான். குச்சிக்கிழங்குக் காட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கால் மண்ணோடு வந்து பெஞ்சில் உட்காருவார்கள். போன வருடம் அப்படி ஒரு கூட்டத்தில், மலைக்குக் கீழேயிருந்து மாற்றலாகி வந்திருந்த ஆசிரியர் ஒருவர் அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டக் கிளம்பினார். டவுனில் ஒரு கல்லூரி, எப்போதோ நின்றுபோன உள்ளூர் மாலைப் பத்திரிகையின் இதழ்களையும் தன்னுடைய பழைய ஆண்டு மலர்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருந்தது. அதில் கொல்லிமலை என்று தேடி எடுத்த ஒரு செய்தியைத் திரையில் பெரிதாகப் போட்டு, உரக்கப் படித்தார்.

'மூடநம்பிக்கைக்குச் சிறுவன் பலி' என்பது தலைப்பு. மூன்று வயதுப் பையனுக்குக் காய்ச்சல் கண்டதாம். தாய் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் பூசாரியிடம் மந்திரித்துக் கயிறு கட்டி வீட்டிலேயே கிடத்தியிருந்தாளாம். பையன் இறந்துவிட்டான். மலைமக்களின் அறியாமையை நினைத்துச் சுகாதார ஊழியர்கள் வேதனை தெரிவித்தார்கள். மொத்தம் ஒன்பது வரி. எழுதியவர் பெயர் இல்லை. பையனின் தகப்பன் பெயர் மட்டும் ஊரோடு இருந்தது. அது என் அப்பாவின் பெயர்.

"இப்ப காலம் மாறிருச்சு, நீங்களெல்லாம் இப்படி இருக்கக் கூடாதுங்க" என்று ஆசிரியர் முடித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அம்மாக்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பவில்லை. நான் வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன். இருபத்தைந்து வருடமாகப் பாடம் சொல்லி வாயால் பிழைக்கிறவள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

நடந்தது இதுதான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பா திருப்புலி நாட்டுப் பக்கம் மிளகு பறிக்கப் போயிருந்தார். விடிந்ததிலிருந்து தம்பிக்கு வாந்தி, உடம்பு நெருப்பாகச் சுட்டது. அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு துணைச் சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். நாலாம் வகுப்பில் படித்த நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால் ஓடினேன். அங்கே பூட்டு. நர்சம்மா சனிக்கிழமை பஸ்ஸில் ஊருக்குப் போனால் திங்கட்கிழமைதான் வருவார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அவர் சொன்ன பிறகும் நான் அந்தப் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸுக்கு மத்தியானம் ஆகும். அம்மா காத்திருக்கவில்லை. காட்டு வழியாக அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்கிவிட்டால் துறையூருக்கு ஏதாவது வண்டி கிடைக்கும் என்று இறங்கத் தொடங்கினாள். பாதி வழியில் தம்பியின் தலை அவள் தோளில் தொங்கிவிட்டது. அதற்கப்புறமும் அவள் நிற்காமல் இறங்கினாள்.

அவன் கையில் கயிறு இருந்தது உண்மை. எங்கள் பிள்ளைகள் எல்லார் கையிலும் இருக்கும். கீழ்நாட்டுப் பிள்ளைகள் கையிலும் இருக்கும், அங்கே அதற்குப் பக்தி என்று பெயர். அந்த நிருபர் மலையேறி வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை வந்து பூட்டைத் திறந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியிருப்பார்.

கூட்டம் முடிந்து நான் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சேதி அவளிடம் போய்விட்டது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன்னைப் பற்றிப் பேப்பரில் வந்தது இத்தனை வருடமாக அவளுக்குத் தெரியவே தெரியாது.

"ஏங்கண்ணு, நான் அவனெத் தூக்கிட்டே போவலைன்னு எழுதியிருக்குதாமா?"

"யாரோ தெரியாம எழுதிட்டாங்கம்மா."

"அத அழிச்சுப் போடச் சொல்லு. நீ படிச்சவ, சொன்னாக் கேப்பாங்க."

அதற்குப் பிறகு அவள் ரேஷன் கடைக்குப் போவதை நிறுத்தினாள். கல்யாண வீடு, சாவு வீடு எதற்கும் போகவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு அவள் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம், "அழிச்சுட்டாங்களா?" என்று மட்டும் கேட்பாள். இந்த வயதில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

கல்லூரி நூலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் தன்மையாகத்தான் பேசினார்.

"இல்லீங்க டீச்சர், நாங்க எதையும் அழிக்கறதில்லீங்க. இருந்தது இருந்தபடியே வெக்கறதுதான் எங்க வேலைங்க."

"அது பொய்ச் செய்திங்க."

"அப்படிச் சொல்றீங்க. ஆனா பாருங்க, அதே சம்பவத்தப் பத்தி எங்க காலேஜ் மலர்லயும் ஒரு கட்டுரை இருக்குதுங்க. மலையிலிருந்து வந்து படிச்ச பொண்ணே எழுதியிருக்குது. ரெண்டும் ஒரே மாதிரிதானுங்களே இருக்குது?"

கட்டுரையின் முதல் வரியை அவர் படித்துக் காட்டினார். இரண்டாவது வரி எனக்கே தெரியும். அந்தப் பொண்ணு நான்தான். கல்யாணத்துக்குப் பிறகு என் இனிஷியல் மாறிவிட்டதால் அவருக்குத் தெரியவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். அந்த மலரைக் கரையான் தின்றிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் முதல் வருடம், மலருக்காக விடுதி வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் அதைத் திருப்பித் தந்துவிட்டார். "இது எல்லாரும் எழுதறது. நீ மலைக்காரி, உங்க ஊர் மூடப்பழக்கத்தப் பத்தி எழுது" என்று நூலகத்திலிருந்து பழைய செய்தித் துணுக்கு ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அது யாருடைய வீட்டுச் சாவு என்று தெரியாது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'எங்கள் மலையில் ஓர் அறியாத் தாய்' என்று எழுதினேன். ஒன்பது வரியை மூன்று பக்கமாக்கினேன். பத்திரிகையில் இல்லாத உடுக்கையும் வேப்பிலையும் என் கைச்சரக்கு. யாரும் என் கழுத்தைப் பிடித்து எழுத வைக்கவில்லை. அந்த அறியாமையிலிருந்து தப்பி வந்தவள் என்று கீழ்நாட்டுப் பெண்கள் என்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பார்த்தார்கள். அந்த வருடம் முழுக்க எனக்கு மரியாதையாக இருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நூலகக்காரர் அதே போனில் ஒரு வழி சொன்னார். பையன் இறந்த அன்றைக்குக் கூட இருந்தவர் யாராவது நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், செய்தியின் கீழேயே அதையும் சேர்த்துப் போடுவார்களாம்.

"எழுதறவங்க பேரு, ஊரு எல்லாம் வேணுங்க. அந்தக் கட்டுரை ஏன் அப்படி இருக்குதுன்னும் அவங்க சொல்லோணுங்க. இல்லீன்னா படிக்கறவங்க எதை நம்புவாங்க?"

நியாயமான கேள்விதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு முழுத்தாள் எழுதினேன். பூட்டு, புளியஞ்சோலை வழி, கட்டுரையை எழுதியது நான் என்பது, அது பொய் என்பது எல்லாம் எழுதினேன். அம்மாவின் கைரேகையும் இருக்கட்டும் என்று அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலில் காய வைத்த மிளகைக் காம்பு நீக்கிக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். கட்டுரை வருகிற இடத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"அந்தப் புள்ள நீயா?"

"ஆமாம்மா."

"நீ எங்கூட வந்தீல்ல கண்ணு. பூட்ட ஆட்டுனதே நீதானே."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சிதறிக் கிடந்த மிளகைக் கையால் ஒதுக்கிக் குவித்தாள்.

"இத அவங்க போட்டா உன் பேரு வருமா?"

"வரும்."

"உன் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க படிக்குமா?"

"தேடினாப் படிக்கும்."

அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து என்னிடமே நீட்டினாள்.

"வேண்டாஞ் சாமி. நீ நாலு புள்ளைங்களுக்குப் பாடஞ் சொல்றவ. பெத்தவளப் பத்தியே பொய் எழுதுனவன்னு பேசுவாங்க. என்னையத்தானே சொல்லியிருக்குது, சொல்லீட்டுப் போவட்டும்."

நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். அந்தத் தாளை அன்றைக்கே தபாலில் போட்டிருக்க வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் முன்னால் உட்கார்ந்திருந்தபோதே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போதெல்லாம் அவள் எதையும் கேட்பதில்லை. இதைப் படிக்கிறவர்கள் யார் இவள் என்று தேட வேண்டாம். இதையும் நான் பெயர் போடாமல்தான் எழுதியிருக்கிறேன்.