ஏற்புரையில் இல்லாத பெயர்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் திருவண்ணாமலையில் பாராட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. பௌர்ணமி வராத எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ யாருக்கோ பொன்னாடை போர்த்திக்கொண்டிருப்பார்கள். செய்தியாளன் என்பதால் பெரும்பாலானவற்றை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று என் தங்கை மகளுக்கு நடந்தது.

அவளுக்கு ஆட்டிசம். வீடு கீழ்பென்னாத்தூரில். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் செய்யும் வேலை. பஸ்ஸில் தனியாகப் போய்த் தனியாக வருவாள். வேலூரில் ஒரு பெற்றோர் கூட்டத்தில், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு என்ன தேவை என்று எல்லோரும் பேசி முடித்த பிறகு அவள் எழுந்து, "நாங்க இங்கதான் உக்காந்திருக்கோம். எங்களையும் கேளுங்க" என்றாள். அதைப் பெட்டிச் செய்தியாக எழுதினேன். அதைப் படித்த உள்ளூர் சேவைச் சங்கத் தலைவர், தனக்காகத் தானே பேசும் இந்தப் பெண்ணைக் கௌரவிப்பது என்று முடிவு செய்து, அவளுடைய அப்பாவிடம் பேசினார்.

கௌரவத்தோடு ஒரு பரிசும் இருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு ஹோமில் அவளுக்கு ஆயுள் முழுக்க இடம், செலவு சங்கத்துடையது. மேடையில் அறிவிக்கும் வரை அவளுக்குத் தெரியக் கூடாது என்று தலைவர் கேட்டுக்கொண்டாராம். தங்கையின் கணவர் எனக்கே மண்டப வாசலில்தான் சொன்னார்.

"பாப்பாகிட்ட கேட்டீங்களா மாப்ள?"

"அதுகிட்ட என்னத்த கேக்கறது மச்சான்? நாங்க கண்ண மூடிட்டா யாரு பாக்கறது?"

பாப்பாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

மேடைக்குப் பின்னால் 'தன் குரலில் பேசும் தங்க மகள்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். அழைப்பிதழில் ஏற்புரை என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. "உனக்கு சிரமம் வேணாம்னுதாம்மா" என்று தலைவர் அவளிடம் விளக்கினார். பொன்னாடையைப் போர்த்த வேண்டாம், கையில் கொடுங்கள் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். போர்த்தினார்கள். போட்டோவுக்கு அதுதான் அழகு. அவள் அதைக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தலைவர் ஹோம் விஷயத்தை அறிவித்தார்.

"வேணாம்" என்றாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் முதல் 'வேணாம்' கணக்கில் சேராது. காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பதும், டம்ளரைக் கையில் திணித்த பிறகு குடிப்பதும்தான் மரியாதை. திணிக்காதவர் கஞ்சர், மறுக்காதவர் காணாததைக் கண்டவர். தங்கை மகளுக்கு இந்த நாடகம் பிடிபட்டதே இல்லை. வேண்டுமென்றால் கேட்டவுடன் வேண்டும் என்பாள். வேண்டாம் என்றால் அந்த டம்ளர் அப்படியே ஆறிப்போகும். மண்டபத்துக்கு இது தெரியாது.

"என்ன ஒரு அடக்கம் பாருங்க" என்றார் தலைவர். கைதட்டினார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் அடங்கியதும், "ஹோம் வேணாம் சார்" என்றாள்.

"கூச்சப்படாதம்மா. எங்களை உன் அண்ணனுங்களா நினைச்சுக்கோ."

இந்த முறை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. ஏற்புரைக்காக அப்பா எழுந்து வந்தார். அவர் வருவதற்குள் அவள் மைக் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"நான் மரியாதைக்கு வேணாம்னு சொல்லல. எனக்கு நெஜமாவே வேணாம். எனக்கு வீடு இருக்குது, வேலை இருக்குது. நாளைக்கு திங்கக்கிழமை, மனு குடுக்க ஜாஸ்தி பேர் வருவாங்க. நான் கடைக்குப் போவணும்."

யாரும் கைதட்டவில்லை. தலைவர் அப்பாவின் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார், கொஞ்சம் தாழ்ந்த குரலில். அவர் மகளைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"அதான் அவளே சொல்லிட்டாளே" என்று உட்கார்ந்துவிட்டார்.

நன்றியுரை சொன்ன செயலாளர், முன்பே எழுதி வைத்திருந்தபடி, பரிசை மனமுவந்து ஏற்றுக்கொண்ட தங்க மகளுக்கு நன்றி சொன்னார். நான் அனுப்பிய செய்தியில் அவளுடைய பேச்சு இடப் பற்றாக்குறையால் வெட்டப்பட்டது. தலைவரின் பேச்சு முழுமையாக வந்தது. போட்டோவில் அவள் பொன்னாடையுடன் இருந்தாள்.

திங்கள் காலை கலெக்டர் ஆபீஸ் வாசலில் தங்கையின் கணவரைப் பார்த்தேன். மகள் ஏறிய பஸ்ஸிலேயே வந்திருந்தார். அவள் கூப்பிடவில்லை என்றும் அவரே சொன்னார். ஜெராக்ஸ் கடையில் கூட்டம் நின்றது. உள்ளே அவள் யாரோ ஒரு பெரியவரின் பட்டா விவகாரத்தை டைப் செய்துகொண்டிருந்தாள்.

"எங்களுக்கு அப்புறம் நீ என்ன பண்ணுவேன்னு நேத்து வீட்டுக்குப் போய் கேட்டுட்டேன் மச்சான்."

"என்ன சொன்னா?"

"இதை யோசிச்சுதான் சொல்லணும், டைம் குடுங்கன்னுட்டா. அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசி வெக்கக் கூடாதாம்."